விலகி நிற்கும் அன்பு

கேள்வி: முதன்முதலாக டாரன்டுலா சிலந்தி வளர்க்க ஆசைப்படுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது? எவ்வாறு பேணுவது?

பதில்: சாந்த சுபாவமும் தரைவாசமும் உடைய மெக்ஸிகோ நாட்டுச் செம்முழங்கால் சிலந்தியே புதியவருக்கு உத்தமம், ஆயினும், வியாபார நிமித்தம் காட்டில் பிடிக்கப்பட்டு வந்தமையால் 1985 முதல் சர்வதேச உடன்படிக்கையின் பாதுகாப்பைப் பெற்ற ஜாதி அதுவாதலின், கூண்டிலே பிறந்த குஞ்சையே, உரிய பத்திரங்களைப் பார்த்து வாங்குவது தர்மமாகும். ஆண் சில வருஷங்களில் மறைந்துவிட, பெண்ணோ 20 ஆண்டுகளுக்கு மேலும் ஜீவிக்கக்கூடுமாகையால், வாங்குமுன் வருங்காலத்தையும் ஒருமுறை கலந்தாலோசியுங்கள்.

ஆழமான மண், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, சிறு நீர்க்கிண்ணம், காற்றுப் புகும் இறுகிய மூடி, வாரத்திற்கு ஓரிரு பூச்சிகள்: இவ்வளவே அதன் சம்சாரம். சற்று உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு பிளந்து மடியக்கூடியதும், மருண்டால் அரிப்பூட்டும் ரோமங்களை உதிர்ப்பதுமான இப்பிராணியைக் கையிலெடுத்துக் கொஞ்சாதீர்கள். மல்லாந்து கிடக்கும்போது மாண்டதென்று அழுது அடக்கம் செய்துவிடாதீர்கள். அது தோலுரிக்கிறது, உணவுப் பூச்சிகளை அகற்றிவிட்டுப் பொறுத்திருங்கள். தீண்டாமல் நேசிக்கத் தெரிந்தவருக்கே சிலந்தி வளர்க்கும் யோக்கியதை உண்டு.