தண்டவாளம் போன தடம் தேடறியா கண்ணு?

வா கண்ணு, உக்காரு. சைக்கிளை அந்தப் புளிய மரத்துல சாச்சு வை. லட்ச ரூவாய்னு உங்கம்மா சொன்னா. அத்தனை காசு வாங்கினவன் ஒரு ஸ்டாண்டு வெச்சுத் தர மாட்டானா? மணியும் இல்லே, கேரியரும் இல்லே. மரவள்ளிக் கட்டு ஒண்ணு வெக்க எடமில்லாத சைக்கிளை இப்பத்தான் பாக்கறேன்.

சரி, உன் சோலிக்கு வருவோம். நியூசிலாந்துல ஒட்டாகோங்கற பக்கம் 1990ல ஓட்டத்தை நிறுத்தின ரயில் தடத்துல 2000ல இருந்து சனம் சைக்கிள் ஓட்டுது, 150 கிலோமீட்டருக்கு நீளுதுன்னு போன்ல காட்டினே. ஸ்பெயின்காரன் 1993ல இருந்து செத்த லைனுக்கெல்லாம் பச்சை வழின்னு பேர் வெச்சு மரம் நட்டு வளக்கறான்னும் சொன்னே. அந்த மாதிரி நம்ம சேலம், நாமக்கல் பக்கம் இருக்குதான்னு கேக்கறே. இருக்குது. போனா ஒத்தை ஆளாத்தான் போகணும், ஏன்னா அது தடம்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடறேன். பக்கத்துலயே பளபளன்னு கெடக்குதேன்னு சேலம்-கரூர் லைன்ல ஏறிடாதே. அந்த ரயிலை வருது வருதுன்னு சொல்லியே எத்தனை எலக்சன் ஓட்டினாங்க தெரியுமா? ஒருவழியா 2013 மே மாசம் வந்துது. அத்தனை வருசம் காத்துக் கெடந்த நாங்களே அதுல டிக்கெட் எடுத்துத்தான் போறோம். நீ நடந்து போறேங்கறே! 1989ஆம் வருசத்து ரயில்வே சட்டத்துல 147ன்னு ஒரு பிரிவு இருக்குது. லைன்ல அத்துமீறினா ஆறு மாசம் வரைக்கும் உள்ளே, இல்லாட்டி ஆயிரம் ரூவா வரைக்கும் அபராதம், மனசு வந்தா ரெண்டும். சட்டத்தை விடு, காலைப் பாரு. கிலோமீட்டருக்கு 1,660 கட்டை போட்டிருக்கான். கட்டைக்குக் கட்டை 60 சென்டிமீட்டர். ஒவ்வொண்ணா மிதிச்சா கல்யாணப் பொண்ணு நடை, ரெண்டு ரெண்டாத் தாண்டினா தவளைப் பாய்ச்சல். நடுவுல இருக்கற ஜல்லி உன் ஆறாயிரம் ரூவா செருப்பைப் பத்தி ஒரு மரியாதையும் வெக்காது. அதுலயும் இப்ப ஓடறது கரன்ட்டு ரயில். காதுல அந்த வெள்ளைக் குமிழைச் சொருகிக்கிட்டு நடந்தேன்னா, அது வந்ததும் தெரியாது, நீ போனதும் தெரியாது.

இப்பக் கேளு, நெசமான செத்த லைன் எங்கேன்னு. 1861ல மெட்ராஸ்ல இருந்து சேலத்துக்கு ரயில் வந்துது. அந்தப் பெரிய லைன்ல மொரப்பூர்னு ஒரு டேசன். அங்கிருந்து தருமபுரிக்கு 1906ல ஒரு குட்டி ரயில் விட்டான் வெள்ளைக்காரன். தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ரெண்டரை அடிதான். அதுக்கு முந்தின வருசமே திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு இன்னொண்ணு. எல்லாம் அப்ப ஒரே சேலம் ஜில்லா. தருமபுரி 1965ல தனிக்குடித்தனம் போச்சு, நம்ம நாமக்கல் 1997ல. அதனால உரிமையோட நம்ம லைன்னே சொல்லிக்கலாம், கேக்க ஆளில்லே.

எதுக்குப் போட்டான்? நம்ம மேல பாசத்துலயா? தாது வருசப் பஞ்சத்துல இந்தச் சீமையில சனம் கொத்துக் கொத்தாச் செத்துது. அடுத்த பஞ்சம் வந்தா தானியம் மேக்கே போய்ச் சேரணும், அதுக்குத்தான் இந்த லைன்னு கணக்கு எழுதினான். 1913ல அந்தத் தருமபுரி லைனை ஓசூர் வரைக்கும் நீட்டினான். அப்புறம் ரெண்டாம் உலக யுத்தம் வந்துது. இரும்பு வேணுமே! சண்டை முடியறதுக்குள்ளே ரெண்டு குட்டி லைனும் காணாமப் போச்சு. பஞ்சத்துக்குன்னு போட்டதைச் சண்டைக்குன்னு பேத்தான். அந்தச் சண்டைக்கு நடுவுலதான் 1943ல வங்காளத்துல பஞ்சம் வந்துது. கணக்கு எழுதறதுல அவனை மிஞ்ச முடியாது, சாமி.

தண்டவாளம் வெள்ளைக்காரனோட போச்சு, தடம் என்னாச்சுன்னுதானே கேப்பே? ஸ்பெயின்ல தடம் சும்மா கெடக்கும். நம்ம ஊர்ல ஒரு போகம் சும்மா கெடக்குமா? கரை மண்ணு காட்டுக்கு, ஜல்லி அஸ்திவாரத்துக்கு, நீட்டுப்பாங்கான எடம் வண்டித் தடத்துக்கு. அப்புறம் அந்த வண்டித் தடத்து மேல தார் ஊத்திப் பஞ்சாயத்து ரோடு. ஒருத்தரையும் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே காடு இருந்திருந்தா நானும் ஒரு வரப்பு அக்கட்டால தள்ளித்தான் வெட்டியிருப்பேன். 2019ல மறுபடியும் மொரப்பூர்-தருமபுரி லைனுக்கு அடிக்கல் நட்டாங்க. பழைய லைன் 18 மைல், அதாவது 29 கிலோமீட்டர். புது லைன் 36 கிலோமீட்டர். ஊரு நகரவே இல்லே, லைன் மட்டும் ஏழு கிலோமீட்டர் எப்படி நீண்டுதுன்னு நீயே போய் வழியில இருக்கற மாடி வீடுகளை எண்ணிப் பாரு.

ஆனா போகாதேன்னு சொல்ல மாட்டேன். தடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சூட்சுமம் இருக்குது. மாட்டு வண்டி மேட்டுல ஏறி எறங்கும், ரயிலுக்கு அந்தத் தெம்பு கெடையாது. நூறு அடி போய் ஒரு அடி ஏறச் சொன்னாலே மொனகும். அதனால மேடு வந்தா வெட்டிப் போவான், பள்ளம் வந்தா கரை கட்டிப் போவான், குன்று வந்தா சுத்திப் போவான். சுத்திலும் காடு மேடும் பள்ளமுமா இருக்கையில, ஒரு வரப்பு மட்டும் தண்ணி மட்டம் பாத்த மாதிரி நேரா, அகலமாப் போனா சந்தேகப்படு. அது ஒரு ஓடையைத் தாண்டற எடத்துல எறங்கிப் பாரு. செங்கல் வளைவோ, ரெண்டு பக்கமும் கொத்தின கல்லு அடுக்கின சுவரோ நின்னா, அது நம்மாளு வண்டிக்குக் கட்டினது இல்லே. சுண்ணாம்புக் காரையை நகத்தால சுரண்டிப் பாரு. உதிராது. நம்ம பஞ்சாயத்துப் பாலத்துல அந்தச் சோதனை பண்ணிடாதே, பாலமே கையோட வந்துடும். மட்டமான தடம்ங்கறதால முழங்காலும் நோகாது. உனக்கு முப்பது வயசு, முழங்காலைப் பத்தி நீதான் கவலைப்படறே.

அத்தனை தூரம் அலைய மனசில்லேன்னா ராசிபுரத்துல இருந்து மோகனூருக்குப் போ. கரூர் லைன் மேல இல்லே, அதை ஒட்டியும் விலகியும் போற ஊர் ரோட்டுல. வெடியால கெளம்பு. போதமலையை முதுகுக்குப் பின்னால விட்டா, இடது கைப் பக்கம் கொல்லிமலை ரொம்ப தூரம் கூடவே வரும். சேகோ மில்லுக் களத்துல ஜவ்வரிசி வெள்ளை வெளேர்னு காயும். உடனே போட்டோ எடுக்க எறங்குவே. எறங்கினதும் திப்பி நாத்தம் அடிக்கும், மறுபடி ஏறிக்குவே. நாமக்கல்ல மலைக்கோட்டையை அண்ணாந்து பாத்துட்டு, நேராத் தெக்கே மோகனூருக்கு விடு. நாமக்கல் கவிஞர் பொறந்தது அங்கேதான், நாமக்கல்ல இல்லே. இதை நாமக்கல்காரங்கிட்டச் சொல்லிடாதே. அசலதீபேஸ்வரர் கோயில் பக்கம் காவேரிக் கரையில உக்காந்தேன்னா, ஆத்து மேல ரயில் பாலத்துல வண்டி போறதைப் பாக்கலாம். பாலத்து மேல நின்னு செல்பி எடுக்கறவனுக்கு ரயில் தெரியாது. கரையில உக்காந்து பொரி திங்கறவனுக்குத்தான் முழு ரயிலும் தெரியும்.

இல்லே, மொரப்பூருக்கே போறேங்கறியா? பிடிவாதம் உங்கப்பன் வழி. அங்கே எல்லா ரயிலும் நிக்காது, நிக்கற ரயில்லயும் சைக்கிளைப் பொட்டிக்குள்ளே ஏத்த விட மாட்டான். பஸ்ஸுல போட்டுக்கிட்டுப் போ. கண்டக்டர் லக்கேஜுன்னு ஒரு ரேட்டு சொல்லுவார். அந்த ஹெல்மெட்டையும் கருப்புக் கண்ணாடியையும் கழட்டிப் பைக்குள்ளே வெச்சுட்டு, இந்தா என் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, "அண்ணா, காட்டுக்குப் போறனுங்க"ன்னு கேளு. பாதியாக் கொறையும்.