மைலேஜ் எங்கே போச்சு?

கேள்வி: லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்று சொல்லி விற்ற கார், சென்னையில் 13-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பொய் சொல்வது கம்பெனியா, காரா?

பதில்: இரண்டுமே இல்லை. அந்த 22 பிறந்தது சோதனைக்கூடத்தில். அங்கே கார் ஓர் அடிகூட நகராது. சக்கரங்களை உருளைமேல் ஏற்றி, அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம் ஓட்டுவார்கள். உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஏசி கிடையாது, குறுக்கே பாயும் ஷேர் ஆட்டோவோ, பின்சீட்டில் மாமியாரும் ஊறுகாய் ஜாடியுமோ கிடையாது. மே மாதம் கத்திப்பாரா நெரிசலில் ஏசியோடு நிற்கும் உங்கள் காரும் நகர்வதில்லைதான். ஆனால் அங்கே கிலோமீட்டர் கணக்கு ஏறுகிறது, இங்கே பெட்ரோல் செலவு மட்டும் ஏறுகிறது. நிற்கிற நேரத்து மைலேஜ் சுத்தமாகப் பூஜ்யம்.

‘அப்படியானால் ரோட்டிலேயே சோதிக்கலாமே’ என்பீர்கள். ஒரு காரை ஞாயிறு விடியலில் ஈசிஆரிலும், இன்னொன்றைத் தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகரிலும் ஓட்டினால் எதை எதோடு ஒப்பிடுவது? எல்லாக் காருக்கும் ஒரே பரீட்சை வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. வினாத்தாள்தான் பழசு. நம் சோதனை ஐரோப்பியர்களின் பழைய முறையைத் தழுவியது. அவர்களே 2017 முதல் அதைக் கைவிட்டு, கடுமையான முறைக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே 22 என்பதைப் பத்திரிகையில் வரும் ஜாதகப் பொருத்தம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்: 18 போட்ட காரைவிட இது தேவலை, அவ்வளவுதான். அதுசரி, டயரில் காற்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?