எட்டில் ஒரு பங்கு வானம்

புதுக்கோட்டைக்காரன் ஒருவன் குளிருகிறது என்று சொன்னால் சிரிக்காமல் கேட்க ஆள் கிடைப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் விடியற்காலையில் 20, 21 டிகிரி வரை இறங்கும். இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி, சமவெளியில் குளிரலை என்று அறிவிக்க வேண்டுமானால் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்காவது வந்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி இருந்தால் போதும் என்கிறது. ஆக, நான் மங்கி குல்லாயும் போர்வையுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், லண்டன் கணக்கில் என் வீடு நன்றாகச் சூடேற்றிய வீடு. சிகாகோவில் இருக்கும் தங்கை மகன் இதைப் போனில் சொல்லிக் காட்டினான். "அம்மான், உங்க ஊர்க் குளிருக்கு நாங்க ஜன்னலைத் தொறந்து வச்சுத் தூங்குவோம்."

தூங்குவான். சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரியில் வெந்து பழகிய உடம்பா அவனுடையது? இருபதுக்கு இறங்கினால் என் உடம்பு அதை இமயமலை என்றே எடுத்துக்கொள்கிறது. எங்கள் மாவட்டம் பிறந்ததே 1974 ஜனவரி 14, பொங்கலன்று. குளிரில் பிறந்த மாவட்டம் என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

உடம்பை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

செட்டிநாட்டு வீடு என்றதும் எல்லோரும் காரைக்குடிக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு எல்லாம் எங்கள் மாவட்டத்தில், திருமயம் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறது பாட்டையா கட்டிய வீடு. அவர் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர். தேக்கு அங்கிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து. வெயிலை விரட்டும் வித்தைகள் மட்டும் முழுக்க முழுக்க உள்ளூர். முழங்கை நீளத்துக்குக் கனமான செங்கல் சுவர். அதன்மேல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, முகம் பார்க்கிற மாதிரி இழைத்த பூச்சு. சூடு மேலே ஏறிப் போய்த் தொலையட்டும் என்று உயரத்தில் மச்சு. முன்வாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு தெரிகிற மாதிரி, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எல்லா நிலைகளும் ஒரே கோட்டில். ஒரு தெருவில் நுழைகிற காற்று அடுத்த தெருவில் வெளியேறலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

தெற்கத்திக் காற்றுக்காகப் போட்ட இந்தப் பாதை வாடைக்காற்றுக்கும் பொருந்தும் என்று பாட்டையாவுக்குத் தோன்றவில்லை. தோன்ற வாய்ப்பும் இல்லை. அந்தக் காலத்துப் பர்மாக் கடைகளில் பெட்டியடி உத்தியோகம் மூன்று வருஷக் கணக்கு. ஊருக்கு வந்தால் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் வருவார், கல்யாணம் வைத்ததெல்லாம் வைகாசியிலும் ஆனியிலும். தான் கட்டிய வீட்டில் அவர் ஒரு மார்கழிகூட முழுசாகப் படுத்ததில்லை என்பது என் சந்தேகம். நான் படுக்கிறேன். பென்ஷன் வந்ததும் சொந்த ஊரில் நிம்மதியாக இருப்போம் என்று சென்னையிலிருந்து வந்தவன் நான். இதைச் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

முதல் எதிரி தரை. ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலை வைத்தால் குளிர் உச்சந்தலையில் மணி அடிக்கும். பக்கத்திலேயே கிடக்கிற கோரைப் பாயில் அப்படி இல்லை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். கல் நம் காலின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது, பாய் மெதுவாக எடுத்துக்கொள்கிறது. இந்த விஞ்ஞானத்தைத் தெரிந்துகொண்ட பின்னும் கால் குளிரத்தான் செய்தது. பாய் வாங்கி முகப்பிலிருந்து அடுப்படிவரை விரிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டு நீளத்துக்குப் பத்தமடை ஊரையே வாங்க வேண்டியிருக்கும். இப்போது வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கிறேன். அப்பத்தா இருந்திருந்தால் செருப்பு என் காலில் இருந்திருக்காது.

அடுத்து ரூம் ஹீட்டர். டெல்லியில் வேலை பார்த்த நண்பர் பழக்க தோஷத்தில் ஒன்று கொடுத்தார். 2000 வாட். வளவில், பர்மாத் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். ஐந்தாவது நிமிஷம் பியூஸ் போனது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு இணைந்துவிட்டது. எங்கள் வீட்டு ஒயரிங் இன்னும் இணையவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்து மறுபடி போட்டேன். ஹீட்டர் ஓடியது. வளவின் நடு முற்றமான வளவுவாசலுக்கு மேலே கூரை கிடையாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மணிக்கு 2 யூனிட் வீதம் நான் ஆகாயத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு அரசாங்கம் இலவசமாகத் தருகிற 100 யூனிட்டை இந்த விதமாக 50 மணி நேரத்தில் தீர்த்துவிடலாம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் துளைக்கிற சிரமத்தைப் பனிக்குக் கொடுக்கவே இல்லை. நடுவீட்டில் பாட்டையாவே பெரிய ஓட்டையாக விட்டிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் இதனால் பாதகமில்லை. மழை மேகம் மூடியிருக்கும், பகல் சூடு ஓரளவு தங்கும். தை பிறந்து வானம் துடைத்துவிட்டதுபோல் ஆனதும், பகலில் தரையும் சுவரும் சேர்த்து வைத்த சூடு ராத்திரியில் நேராக நட்சத்திரங்களுக்குப் போய்விடும். வைகாசியில் இதே ஏற்பாட்டை நான்தான் வருகிறவர்களிடம் எல்லாம் பாட்டையாவின் மூளை என்று பீற்றிக்கொள்வேன்.

ஆகவே வளவுவாசலை மூடிவிடுவது என்று முடிவெடுத்தேன். பெரிய நீலத் தார்ப்பாய் வாங்கினேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் பிரித்துப் போட்ட ஓடுகளை மாற்றிய அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் மேலே பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செட்டியாரே, ஒருதரம் காத்து வந்து இந்த வீட்டுல பட்டம் விட்டது போதாதா?"

கட்டினோம். அன்றைக்கு ராத்திரி நிஜமாகவே கொஞ்சம் கதகதப்பு. வெற்றிக் களிப்பில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். விடிவதற்குள் கோயம்புத்தூர்ப் பங்காளி எழுந்துவிட்டார். வளவு பொது. வீட்டுக்கு எட்டுப் பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் ஓர் இரட்டை வீடு (ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு அறை) தனி, வளவும் முகப்பும் எல்லோருக்கும் சொந்தம். வளவு பொது என்றால் அதன் மேலே உள்ள வானமும் பொதுதானே? என் பங்கான எட்டில் ஒரு பாகம் வானத்தை மூட எனக்கு உரிமை உண்டு, மீதி ஏழு பாகத்தை யாரைக் கேட்டு மூடினாய் என்பது கேள்வி. மலேசியாவில் இருக்கிற இன்னொரு பங்காளி, அவர் கல்யாணத்துக்குப் பின் இந்த வீட்டில் காலே வைக்காதவர், தன் பங்கு வானத்தை உடனே திறந்துவிடும்படி குரல் செய்தி அனுப்பினார். எந்தப் பக்கத்து வானம் அவருடையது என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

வழக்கு கோர்ட்டுக்குப் போகவில்லை, சூரியனே தீர்த்து வைத்தது. தார்ப்பாய் இருந்ததால் காலை வெயில் வளவுக்குள் இறங்கவில்லை. பகலெல்லாம் வீடு திருமயம் கோட்டைக் குகை மாதிரி கிடந்தது. பகலில் சூடு வாங்காத சுவர் ராத்திரியில் எதைக் கொடுக்கும்? அன்று சாயங்காலமே தார்ப்பாயைக் கழற்றினேன். பங்காளிகளின் உணர்வுக்கு மதிப்பளித்துக் கழற்றியதாகக் குழுவில் எழுதினேன்.

கும்முட்டி அடுப்பு யோசனையும் வந்தது. கரியைப் போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் எத்தனை சுகமாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். வீட்டுக்காரி முடிக்க விடவில்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதை அவள் சொன்னது இன்னும் சுருக்கமாக: "போறதுன்னா தனியாப் போங்க." அவள் சொன்னதுதான் சரி. குளிருகிறதே என்று கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ மூடிய அறைக்குள் கொண்டுபோக யாரும் நினைக்க வேண்டாம்.

நெருப்பை நேரடியாக உள்ளே இறக்குகிற வழி ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாகக் கோடி வேட்டியில் நூல் எடுத்து, இருபத்தொன்றையும் சேர்த்துத் திரித்து, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் வெல்லமும் நெய்யும் சேர்ந்த மாவில் வைத்து ஏற்றுவார்கள். பெரியவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். உலகத்தில் வேறு எங்கும் குளிருக்கு இவ்வளவு குறுக்கு வழி இருக்குமா என்று தெரியவில்லை. சின்ன வயதில் பயந்து ஊதி அணைத்துவிட்டு வாங்கிக்கொள்வேன். இப்போது வீட்டில் நானே பெரியவன். எனக்கு மட்டும் கொஞ்சம் பெரிய சுடராக எடுத்துக்கொள்கிறேன். பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் என் வீட்டுக்காரி குளிருகிறது என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. ஊரில் வளர்ந்தவள் என்று விட்டுவிட்டேன். ஒரு ராத்திரி பார்த்தால் அவள் எங்கள் பங்கு இரட்டை வீட்டின் உள்வீட்டில் படுத்திருக்கிறாள். நகையும் பாத்திரமும் பூட்டி வைக்கக் கட்டிய அறை. ஜன்னல் கிடையாது, வெளிச்சுவர் கிடையாது, நாலு பக்கமும் கனமான சுவர், தலைக்கு மேலே பித்தளை அண்டாவும் தூக்குவாளியும் அடுக்கிய பரண், கீழே மரப்பலகைக் கட்டில். சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த எனக்குக் கோழிக்குஞ்சாகப் பிறந்திருக்கலாமே என்று இருந்தது. அவள் சொன்னாள்: "ஏங்க, கதவைச் சாத்துங்க, காத்து வருது."

அப்பத்தா மார்கழியில் அங்கேதான் படுப்பாராம். வீட்டைச் சூடாக்கப் பார்த்தது நான் ஒருவன்தான். வீட்டுப் பெண்கள் சூடு இருக்கிற இடத்துக்குப் படுக்கையை நகர்த்திக்கொண்டார்கள். காலையில் வெயில் இறங்குகிற மேற்குப் பத்தியில் காய் நறுக்குவது, சாயங்காலம் அடுப்படிப் பக்கம் பேச்சு, ராத்திரி உள்வீடு. இந்த அட்டவணையில் இப்போது நானும் சேர்ந்துவிட்டேன். ஹீட்டரில் மழைநாளில் துணி காய்கிறது, தார்ப்பாயில் நெல் காய்கிறது.

மார்கழியில் எங்கள் பக்கம் வாருங்கள். பங்காளிகள் வீடு எல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது, தங்குவதற்குத் தடையில்லை. ஆனால் போர்வையைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். உள்வீட்டில் இருக்கிற கட்டில் இரண்டு பேருக்குத்தான் காணும்.