லினக்ஸ் மாஷ்

பொன்முடிக்குப் போகிறவர்கள் விதுரா தாண்டிக் கல்லாற்றில் வண்டியை நிறுத்துவது ஆற்றில் கால் நனைக்கவும் மீன்முட்டி அருவிக்கு நடக்கவும்தான். லினக்ஸ் மாஷை யாரும் தேடிப் போவதில்லை. அவரிடம் மாட்டினால் அன்றைக்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

மலையாள நாட்டில் வாத்தியாருக்குப் பெயர் மாஷ். அரசுப் பள்ளிகளில் உபுண்டுவைத் தழுவிய கைட் குனு/லினக்ஸ் ஓடுகிற மாநிலம் என்பதால், ஓய்வுபெற்ற கம்ப்யூட்டர் மாஷ் ஒருவராவது பக்கத்தில் தேறுவார். 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டபோது, அந்த இயக்கத்தின் பிதாமகர் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் நம் மாஷும் இருந்தார். முதலில் கடைசி வரிசை என்றுதான் சொன்னார். வருஷத்துக்கு ஒரு வரிசையாக முன்னேறி, இப்போது மேடைப் படிக்கட்டு வரை வந்துவிட்டார்.

அவர் காதில் விழும்படி "லேப்டாப் ரொம்ப மெதுவா இருக்கு" என்று சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாள் விண்டோஸ் போய்விடும். புதுசாக வந்த லினக்ஸ் பறக்கும். பாட்டு கேட்கும், படம் ஓடும். வைஃபை மட்டும் இருக்காது.

மாஷுக்கு அப்போதுதான் முகம் மலரும். வேட்டியை மடித்துக் கட்டி, கட்டன் சாயா ஒன்றை வரவழைத்து, கறுப்புத் திரையில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்று தட்டுவார். வரும் நான்கெழுத்து எண்களைப் பார்த்து, "பிராட்காம் இல்ல, ரியல்டெக். ரக்ஷப்பட்டு" என்பார். யூஎஸ்பி வைஃபை அடாப்டரின் பெட்டியை நீட்டினால் வாங்கவே மாட்டார். டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என் மாடலில் முதல் பதிப்புக்குள் ஏதெராஸ் சிப், இரண்டாம் பதிப்புக்குள் ரியல்டெக். பெயர் ஒன்றுதான், செருகியதும் வேலை செய்தது முதலாவது, வழக்கு இழுத்தது இரண்டாவது. இன்னும் சில அடாப்டர்கள், செருகியவுடன் தங்களைச் சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். உள்ளே விண்டோஸுக்கான டிரைவர் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாஷ் சாயாவைக் கீழே வைத்துவிடுவார்.

"மாஷே, வைஃபை வருமா வராதா?" என்று எஸ்டேட்டிலிருந்து வந்த தமிழ்ப் பெண் கேட்பாள்.

"வரும் மோளே. டிரைவர் இறக்கணும்."

"எங்கிருந்து?"

"இன்டர்நெட்டிலிருந்து."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங்கைப் போட்டால் சிக்கல் தீரும். மாஷுக்கு அது தெரியும். ஆனால் ஸ்டால்மன் கதை முடியாமல் அதைச் சொல்ல மாட்டார்.

இறக்கிய டிரைவரின் மூல நிரலை அந்த லேப்டாப்பின் லினக்ஸ் கர்னலுக்கென்றே அங்கேயே கம்பைல் செய்ய வேண்டும். எழுத்துகள் ஓட ஓட மாஷ் பரவசமாகப் பார்ப்பார். செக்யூர் பூட் இருந்தால், மறுபடி இயக்கும்போது நீலத்திரை வந்து கடவுச்சொல் கேட்கும். அதன் அர்த்தத்தை மாஷ் விளக்கத் தொடங்குவதற்குள் திரை மறைந்துவிடும். கையெழுத்து ஏறாத டிரைவரைக் கர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும். மறுபடி முதலிலிருந்து.

ஒருவழியாக வைஃபை வரும். கர்னல் புதுப்பித்தல் வந்த மறுநாள் போய்விடும். 'டிகேஎம்எஸ்' போட்டிருந்தால் புதுக் கர்னலுக்கும் அதுவே டிரைவரைக் கட்டிக்கொடுத்திருக்கும். அதைப் போட மாஷ் மறந்துவிட்டார் என்பது அவர் கட்சி. அவர் எதையும் மறந்து யாரும் பார்த்ததில்லை என்பது சாயாக்கடையின் கட்சி. காசு வாங்குவதில்லை என்பதால் வழக்கு மேலே போவதில்லை.

இப்போது மாஷுக்குக் கஷ்டகாலம். ரியல்டெக் சிப்கள் பலவற்றுக்கு டிரைவர் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. 2023இல் வந்த டெபியன் 12, மூல நிரல் தராத ஃபர்ம்வேரையும் நிறுவும்போதே சேர்த்துக் கொடுக்கிறது. "கொள்கை போச்சு" என்கிறார் மாஷ். கொள்கை போனதா, வேலை போனதா என்று கேட்கிற துணிச்சல் கல்லாற்றில் யாருக்கும் இல்லை.

போன வாரம் ஒரு காலேஜ் பையன் புது லேப்டாப்போடு வந்தான். பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினார்கள். மாஷ் வேட்டியை மடிப்பதற்குள் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் திரையில் வரிசை கட்டி நின்றன.

"கிட்டியோ?"

"கிட்டி மாஷே."

ப்ளூடூத்தைச் சோதித்தார், வந்தது. கேமராவைத் திறந்தார்; அவர் முகமே தெரிந்தது, வாடியிருந்தது. சாயா ஆறிக்கொண்டிருந்தது. அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார். ஸ்டால்மன் சண்டையைத் தொடங்கியதே, எம்ஐடி ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் பிரிண்டரின் மூல நிரல் கிடைக்காத கோபத்தில்தானே!

"மோனே, வீட்டில பிரிண்டர் உண்டோ?"