48 எப்படி 61 ஆனது?

கேள்வி: கொழும்பு மாநகர சபையில் தனிப் பெரும்பான்மை இல்லாமலே தேசிய மக்கள் சக்தி மேயர் பதவியைப் பிடித்தது எப்படி?

பதில்: 13 பேர் கைகொடுத்தார்கள். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் முகம்தான் தெரியாது!

2025 மே மாதத் தேர்தலில் 117 இடங்களில் அந்தக் கட்சி வென்றது 48. பாதியைத் தாண்ட 59 வேண்டும். ஜூன் 16 அன்று ரகசிய வாக்கெடுப்பில் மேயரைத் தேர்ந்தெடுத்தபோது அதன் வேட்பாளர் விராய் கெலி பல்தசாருக்கு விழுந்தது 61, எதிரணி வேட்பாளருக்கு 54. பல காலமாக ஐக்கிய தேசியக் கட்சியின் கோட்டையாக இருந்த நகரம் அன்று கைமாறியது.

இழுபறிக்கு முக்கியக் காரணம் தேர்தல் முறை. 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களில் நேரடியாக வருகிறார்கள். மீதி 40 சதவீதம், கட்சிகள் வாங்கிய வாக்கு விகிதப்படி. சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் இடம் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, மாற்ற வேண்டாம்.

மாற்ற வேண்டியது ரகசிய வாக்கெடுப்பை. ரகசியம் வாக்காளரைக் காப்பதற்கு. மன்றத்தில் அமர்ந்திருப்பவர் நம் வாக்கை வாங்கிப் போனவர். அதை யாருக்குக் கொடுத்தார் என்று வட்டாரத்து மக்களிடம் சொல்லத்தான் வேண்டும். கையைத் தூக்கியே வாக்களிக்கட்டும்!