ஒன்பது நாள் விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் வீட்டுக் கணக்கு. அமெரிக்காவின் ஆகப்பெரிய மருத்துவக் காப்பீட்டுக் குழுமமான யுனைடெட் ஹெல்த்துக்கு அந்தக் கஞ்சத்தனமெல்லாம் கிடையாது. 2024 பிப்ரவரி 12 அன்று, அதன் துணை நிறுவனமான சேஞ்ச் ஹெல்த்கேருக்குள் திருட்டுப் பாஸ்வேர்டோடு ஒருவன் நுழைந்தான். யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது நாள் தங்கவைத்தார்கள். அறை அறையாகச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். வேண்டியதை மூட்டை கட்ட விட்டார்கள். 21ஆம் தேதி அவனாகவே மனது வைத்து, கணினிகளை ரான்சம்வேரால் பூட்டிவிட்டுக் குரல் கொடுத்த பிறகுதான் வீட்டுக்காரருக்கு ஆள் வந்திருக்கும் சங்கதியே தெரிந்தது. ஆக, விருந்து ஒன்பது நாள். அதற்குப் பிறகு மருந்துதான் வாரக்கணக்கில் கிடைக்கவில்லை.

சேஞ்ச் ஹெல்த்கேர் என்ன செய்கிறது என்று சென்னையில் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, அமெரிக்க மருத்துவ பில் பாக்கியைத் துரத்தும் ஏ.ஆர். காலிங் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். டாக்டர் போட்ட பில்லை இன்சூரன்ஸ்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கிருந்து பதிலையும் பணத்தையும் திருப்பிக் கொண்டுவரும் க்ளியரிங் ஹவுஸ். வருஷத்துக்கு 1,500 கோடி பரிமாற்றங்கள். அமெரிக்க நோயாளிகளில் மூன்றில் ஒருவரின் விவரம் இதன் கையைத் தொட்டுத்தான் போகும். இவ்வளவு பெரிய கிடங்கை ஒரே குழுமம் விழுங்குவது சரியில்லை என்று 2022இல் அமெரிக்க நீதித்துறை வழக்கே போட்டது. வழக்கு தோற்றது. அந்த ஆண்டு அக்டோபரில் விழுங்கியாயிற்று. கடனையும் சேர்த்து 1,300 கோடி டாலருக்கு வாங்கியவர்களுக்கு, வாங்கிய வீட்டில் எத்தனை கதவு என்று எண்ணிப் பார்க்க அடுத்த பதினாறு மாதத்தில் நேரம் கிடைக்கவில்லை. பாவம், லாபத்தை எண்ணும் வேலையே தலைக்கு மேல் இருந்திருக்கும்.

வந்தவன் எந்தக் கதவு வழியாக வந்தான்? தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ விட்டி நாடாளுமன்றத்தில் சொன்ன கதை இது. ஊழியர்கள் வெளியிலிருந்து வேலை செய்வதற்காக ஒரு சிட்ரிக்ஸ் போர்ட்டல் இருந்தது. அதில் பாஸ்வேர்டு போட்டால் போதும், உள்ளே போகலாம். ஓ.டி.பி. மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லை. வெளியுலகத்தைப் பார்த்திருக்கும் எல்லாக் கதவுக்கும் இரண்டாம் பூட்டு கட்டாயம் என்பது குழுமத்தின் கொள்கை. அந்தச் சர்வருக்கு மட்டும் ஏன் இல்லை? 'ஏதோ காரணத்தால்' இல்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். உலகத்தின் மகா பாதுகாப்புக் கொள்கைகளெல்லாம் இந்த 'ஏதோ காரணத்தில்'தான் சமாதியாகின்றன. கொள்கை காகிதத்தில் பத்திரமாக இருந்தது. அதை எவனும் திருடவில்லை.

2024 டிசம்பரில் நெப்ராஸ்கா மாநில அரசு வழக்குப் போட்டபோது இன்னொரு விவரம் வெளியே வந்தது. திருட்டுப்போன கணக்கு பெரிய அதிகாரியுடையது அல்ல. வாடிக்கையாளர் சேவையில் அடிமட்டத்தில் இருந்த ஓர் ஊழியரின் சாதாரணக் கணக்கு. அதன் பெயரும் பாஸ்வேர்டும், திருட்டுச் சரக்குக்கு விளம்பரம் போடும் டெலிகிராம் குழுவொன்றில் கிடந்தன என்கிறது அந்த மனு. கோட்டையைத் தகர்க்க மேதை யாரும் தேவைப்படவில்லை. சந்தைக்குப் போய்வரத் தெரிந்தவனே போதுமானவனாக இருந்தான்.

ஆனால் பங்குச் சந்தை ஆணையத்துக்கு யுனைடெட் ஹெல்த் முதலில் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தால் புல்லரிக்கும். இது ஏதோ ஒரு நாட்டின் அரசோடு தொடர்புடையவர்களின் வேலையாக இருக்கலாம் என்று சந்தேகிப்பதாக எழுதினார்கள். கேட்கவே எத்தனை கௌரவம்! எதிரி ஒரு தேசமாக இருந்தால் தோற்றவனுக்கும் வீரப் பதக்கம் உண்டல்லவா? சில நாளிலேயே குட்டு உடைந்தது. வந்தது பிளாக்கேட் என்ற பணம் பறிக்கும் கும்பல். வல்லரசு வரவில்லை, வசூல்காரன் வந்திருந்தான்.

ஒரு பயனர் கணக்கு களவுபோய்விட்டது என்று தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பது ராக்கெட் விஞ்ஞானமல்ல. எந்தப் பாதுகாப்பு மையத்திலும் நடுராத்திரி டூட்டியில் இருக்கும் புதுப் பையன்கூடச் சொல்வான். முதலில் கணக்கை முடக்கு. பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதே. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவனிடம் திறந்த செஷன் இருக்கிறது, பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும் டோக்கன் இருக்கிறது. பாஸ்வேர்டு மாறியதை அவன் கவனிக்கக்கூட மாட்டான். அவற்றை ரத்து செய். மெயிலுக்குள் போய், வரும் கடிதங்களை ரகசியமாக வெளியே அனுப்பும் விதி ஏதாவது போட்டு வைத்திருக்கிறானா பார். ஓ.டி.பி. போக வேண்டிய போன் பட்டியலில் தன் போனையும் நைசாகச் சேர்த்துவிட்டானா பார். அவன் உண்டாக்கிய புதுக் கணக்குகளைத் தேடு. எந்தெந்தக் கணினியைத் தொட்டான் என்று பார்த்து அவற்றை வலையிலிருந்து பிரித்து வை. பதறிப்போய் அழித்துவிடாதே, தடயம் போய்விடும். இதையெல்லாம் அவன் படித்துக்கொண்டிருக்கும் அதே மெயிலிலோ சாட்டிலோ விவாதிக்காதே, போனை எடுத்துப் பேசு. முதல் மணி நேர வேலை இவ்வளவுதான்.

இதைச் செய்ய ஒரே ஒரு முன்நிபந்தனை உண்டு. கணக்கு களவுபோனது தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்காரர் திடீரென்று சர்வர் சர்வராக உலவுகிறார். அவர் கணக்கில் ஆரம்பித்து நிர்வாகி அதிகாரமுள்ள புதுக் கணக்குகள் முளைக்கின்றன. மலைமலையாகக் கோப்பு வெளியே போகிறது. ஒன்பது நாளில் ஒரு மணி அடிக்கவில்லையா? அடித்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையா? ஊழியர் டீ குடிக்கப் போன நிமிஷத்தைக் கணக்கு வைக்கத் தெரிந்த கார்ப்பரேட் உலகம் இது. கழிவறைக்குப் போய் எத்தனை நிமிஷத்தில் திரும்பினார் என்பதற்குக்கூட ஸ்கிரீனில் பதிவு இருக்கும்.

கடைசியில், ஒரு கணக்கைப் பிடித்து அடைக்க முடியாதவர்கள் மொத்த டேட்டா சென்டர்களின் இணைப்பையும் துண்டித்தார்கள். அந்த நேரத்தில் அது சரியான முடிவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துண்டிக்காவிட்டால் தீ அடுத்த வீட்டுக்கும் பரவியிருக்கும். ஆனால் அதையே தங்கள் சமயோசிதத்துக்குச் சான்றாகச் சபையில் சொல்லிக்கொண்டார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. 12ஆம் தேதி ஒரு கணக்கில் முடிந்திருக்க வேண்டிய பூட்டு, 21ஆம் தேதி ஒரு தேசத்தின் மருந்துக்கடைகள்மீது விழுந்தது.

கவுன்ட்டரில் நடந்ததைச் சொல்கிறேன். மருந்துச்சீட்டோடு நிற்பவரின் இன்சூரன்ஸ் செல்லுமா என்று கேட்டால் கணினி பதில் சொல்லாது. ஆக, இரண்டே வழி. முழு விலையையும் கைக்காசாகக் கொடு. இல்லையென்றால் வெறுங்கையோடு போ. மாதா மாதம் பிரீமியம் தவறாமல் கட்டியவருக்குத்தான் இந்த உபசாரம். ராணுவத்தினருக்கான மருந்தகங்கள் உலகெங்கும் சீட்டைக் கையால் பார்த்து மருந்து கொடுத்தன. அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் கணக்கெடுத்தபோது, நோயாளிகளின் சிகிச்சையே நேரடியாகப் பாதிக்கப்பட்டது என்று 74 சதவீத மருத்துவமனைகள் சொல்லின. மருத்துவர் சங்கத்தின் கணக்கெடுப்பில் 55 சதவீதம் பேர், கிளினிக்கை நடத்தச் சொந்தப் பணத்தைப் போட்டதாகச் சொன்னார்கள். பூட்டு போடாதவன் ஒருவன், நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கச் சேமிப்பை உடைத்தவன் இன்னொருவன்.

கும்பலுக்குக் கொடுத்த பணயத்தொகை 2.2 கோடி டாலர், பிட்காயினில். கொடுப்பது என்ற முடிவு என்னுடையதுதான், வாழ்க்கையில் எடுத்த மிகக் கடினமான முடிவுகளில் ஒன்று என்று உருகினார் விட்டி. கடினம்தான். 2023இல் அவருடைய மொத்த ஊதியம் 2.35 கோடி டாலர். குழுமத்தின் அந்த ஆண்டு லாபம் சுமார் 2,200 கோடி டாலர். பணயம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு! மணிக்கணக்கில் வகுத்தால் ஒன்பது மணி நேர லாபம்கூட ஆகாது. பின்னால் சீரமைப்பு அது இது என்று 300 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று என்று கணக்குக் காட்டினார்கள். அதைக் கழித்த பிறகும் 2024இல் 1,400 கோடி டாலருக்கு மேல் லாபம். ஆகவே யாரும் அழ வேண்டாம்.

கொடுத்த பணமாவது வேலை செய்ததா? கும்பலின் தலைவர்கள் தொகையைச் சுருட்டிக்கொண்டு, போலீஸ் எங்கள் தளத்தைப் பிடித்துவிட்டது என்று பொய்ப் பலகை மாட்டிவிட்டு மறைந்தார்கள். உள்ளே புகுந்து உழைத்த கூட்டாளிக்குப் பங்கு வரவில்லை. சரக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று அவன் புலம்பினான். ஏப்ரலில் ரான்சம்ஹப் என்ற இன்னொரு கும்பல் அதே சரக்கைக் காட்டி மறுபடி கை நீட்டியது. தொழிலாளிக்குக் கூலி தராமல் முதலாளி ஓடிப்போவது எல்லாத் துறையிலும் நடப்பதுதான் போலிருக்கிறது.

மே 1 அன்று செனட் விசாரணையில் டாம் டில்லிஸ் என்ற உறுப்பினர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். 'ஹேக்கிங் ஃபார் டம்மீஸ்.' அரிச்சுவடிப் புத்தகம். அதில் இருப்பதைக்கூடச் செய்யவில்லையே என்றார். சேஞ்ச் ஹெல்த்கேர் பழைய தொழில்நுட்பம், மாற்றிக்கொண்டிருந்தோம் என்று பதில் வந்தது. ஒரு சர்வருக்கு இரண்டாம் பூட்டு போட அரண்மனையை இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

ஒழுங்காக இருக்க முயன்றவர்களுக்கும் சறுக்கும் என்பதை மறைக்க வேண்டாம். 2023 அக்டோபரில், நுழைவுச் சரிபார்ப்புச் சேவை தரும் ஆக்டா நிறுவனத்திலிருந்து கசிந்த சாவிகளை மாற்றிய கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம், ஒரு டோக்கனையும் மூன்று சர்வீஸ் கணக்குகளையும் புழக்கத்தில் இல்லை என்று நினைத்து விட்டுவிட்டது. அந்த நாலு வழியாகவே ஆள் வந்தான். நவம்பர் 23இல் கண்டுபிடித்தார்கள், மறுநாள் அடைத்தார்கள், பிறகு 5,000க்கும் மேற்பட்ட சாவிகளை மாற்றினார்கள். எதை விட்டோம் என்று எண்ணிக்கையோடு அவர்களே எழுதி வெளியிட்டார்கள். 'ஏதோ காரணம்' என்ற சொல்லுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இனி வழக்கமான பஜனை. 'பாதுகாப்பில் பலவீனமான கண்ணி ஊழியர்தான்.' தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று, அதில் பெரிய எழுத்து வேண்டும், சிறப்புக்குறி வேண்டும், பழையதைப்போல் இருக்கக் கூடாது. போலி மெயிலைத் தெரியாமல் கிளிக் செய்துவிட்டாயா? கட்டாயப் பயிற்சி, அரை மணி நேர வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி. அடிமட்ட ஊழியரின் பாஸ்வேர்டு என்றாவது ஒருநாள் களவுபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். களவுபோனாலும் காரியம் கெடாதபடி வைக்க வேண்டியது மேலே இருப்பவனின் வேலை. அவனுக்குப் பயிற்சி வீடியோ கிடையாது, பத்துக் கேள்வி கிடையாது. செனட்டர் ரான் வைடன்தான் அதை நேராகச் சொன்னார்: பாதுகாப்பு அதிகாரி ஒருவரைப் பலியாடாக்கித் தப்பிக்காதீர்கள், அவரை அங்கே வைத்த தலைமை நிர்வாகியையும் இயக்குநர் குழுவையும் பொறுப்பாக்குங்கள் என்று ஒழுங்குமுறை ஆணையங்களுக்குக் கடிதம் எழுதினார்.

களவுபோனது எத்தனை பேரின் விவரம் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் வருஷம் ஓடிவிட்டது. 2024 அக்டோபரில் 10 கோடி என்றார்கள். 2025 ஜனவரியில் 19 கோடி. அமெரிக்க மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். என்ன வியாதி, என்ன மருந்து, எந்த டாக்டர் என்ற விவரமெல்லாம் இதில் அடக்கம். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். போனது ஒருவரின் புற்றுநோய்ச் சிகிச்சை விவரம் என்றால் எதை மாற்றிக்கொள்வார்?

விட்டி 2025 மே மாதம் பதவி விலகினார். சொந்தக் காரணங்களுக்காக என்று அறிவித்தார்கள். புதிய தலைவருக்கு ஆலோசகராக இருப்பார் என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. பில் பணம் வராமல் தவித்த டாக்டர்களுக்கு அந்த நெருக்கடியில் குழுமம் வட்டியில்லாக் கடன் கொடுத்திருந்தது. அதையும் 2025இல் கறாராகத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். கட்டாவிட்டால், உங்களுக்கு வர வேண்டிய இன்சூரன்ஸ் பணத்தில் பிடித்துக்கொள்வோம் என்ற எச்சரிக்கையும் கூடவே போயிற்று.