கரிசல் காட்டில் மன நிம்மதி: ஓர் எளிய கையேடு

மன அமைதிக்காக மலைமேல் முகாம் போட்டு, மூன்று நாளுக்குப் பணம் கட்டி உட்காருகிறார்கள். கோவில்பட்டிக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுத்தால் முடிகிற காரியம். அதே பாடங்கள் இங்கே இலவசம். வேண்டாம் என்று சொல்லத்தான் வழி கிடையாது.

நம்பிக்கைப் பயிற்சியில் ஆரம்பிக்கலாம். புரட்டாசியில் ஒரு பிஞ்சையைக் குத்தகைக்குப் பிடியுங்கள். கோடை உழவு முடிந்து நிலம் புழுதியாகக் கிடக்கும். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. அந்தப் புழுதியிலேயே உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாவற்றையும் விதைத்துவிடுங்கள். மழை பெய்த பிறகு விதைத்தால் என்ன என்று கேட்கக் கூடாது. நனைந்த கரிசல் களியாகிவிடும், டிராக்டர் இறங்காது. காய்கிற வரை காத்திருந்தால் பருவம் போய்விடும். அதனால் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு விதைக்க வேண்டும். மேடையில் பயிற்சியாளர்கள் மைக் பிடித்துச் சொல்வதும் இதைத்தான். அங்கே கிடைக்காத வசதி ஒன்று இங்கே உண்டு: அரைகுறையாக ஒரு தூறல் விழுந்தால் விதை முளைவிட்டுக் கருகிவிடும். உடனே மறுவிதைப்பு. பற்றறுத்தல் பாடமும் அதிலேயே முடிந்துவிடுகிறது. கட்டணத்தை விதைக்கடையில் செலுத்தலாம்.

தப்பிப் பிழைத்த பயிரைக் காட்டுப்பன்றி, மான், மயில், படைப்புழு ஆகியவற்றோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பொறுமையில் மேற்படிப்பு தேவைப்படுவோர் பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

நிதானமாக நடக்கப் பழக வேண்டுமா? ஐப்பசி மழை வெறித்த மறுநாள் காட்டு வண்டிப்பாதையில் இறங்குங்கள். நாலு எட்டில் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைக்கும். இன்னும் நாலு எட்டில் கால் மட்டும் முன்னே போகும், செருப்பு சகதியிலேயே நிற்கும். பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு, குச்சியால் வழித்துவிட்டு நடங்கள். பைக்கில் போனவருக்கு இன்னும் ஆழ்ந்த அனுபவம்: மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பிச் சக்கரம் சுற்றாது. அவர் இறங்கி, இருக்கிற இடத்தில் இருக்கப் பழகுவார்.

பேச்சிலும் சமநிலை முக்கியம். டீக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

“அண்ணாச்சி, இந்த வருசம் மழை எப்படி?”

“போன வருசம் மாதிரி இல்லாம இருந்தாச் சரி.”

வறட்சிக்கும் இதே பதில், வெள்ளத்துக்கும் இதே பதில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை, இந்தப் பக்கத்துப் பிஞ்சைகளையும் முக்கிவிட்டுத்தான் போனது.

குறையை நிறையாகப் பார்ப்பதற்குத் தீப்பெட்டி. பயிரை வாட்டிய வறண்ட காற்றுதான் குச்சியைக் காயவைத்து இங்கே தொழில் வளர்த்தது. 2007 முதல் 2021 வரை ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி அது. ஆசை அடக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. இதைக் கேட்டுவிட்டு வறட்சியே வரம் என்று யாராவது பேசக் கிளம்பினால், பருத்தி எடுக்க ஒரு பகல் காட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

கடைசியாகப் புலனடக்கம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாயில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு மதுரைப் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். பிரிக்காமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அடுத்த ஊர் சாத்தூர்தான். அதுவரைகூடத் தாக்குப்பிடித்தவர்கள் குறைவு.